ஒப்பாரிப் பூச்சு

சாவு வீட்டுக்குப் போய் வாய்விட்டுச் சிரித்துவிட்டவனின் நிலைமைதான் அன்றைக்கு எனக்கு. நல்லவேளை, பார்க்க ஆள் இல்லை. கல்லூரியின் கண்காட்சிக் கூடத்தில் நானும், ஆதிரை வரைந்த அவள் தம்பியின் படமும் மட்டும்தான்.

படத்துக்குக் கீழே பொருத்தியிருந்த தகட்டில் உள்ளங்கையை வைக்கும்போது நான் அழத் தயாராகத்தான் இருந்தேன். முகில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பத்தொன்பது வயது. உடம்பின் தசையெல்லாம் ஒவ்வொன்றாகச் செயலிழந்துபோகிற நோய். நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கட்டிலில் படுத்தபடியே என்னோடு செஸ் ஆடுவான். அவன் காயையும் நான்தான் நகர்த்த வேண்டும். ஜெயிப்பது மட்டும் அவன். அவனை நினைத்தாலே எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டுதான் தகட்டைத் தொட்டேன்.

கைக்குள் ஏறியது துக்கம் இல்லை. முதலில் தோள் லேசானது. காஸ் சிலிண்டரை மூன்றாவது மாடிவரை சுமந்துபோய் இறக்கிவைத்தால் தோள் எப்படி இருக்கும், அப்படி. பிறகு நெஞ்சு விரிந்தது. பிறகு என்னைக் கேட்காமலே வாய் சிரித்தது. கண்ணெதிரில் முகில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறான். முதுகுக்கு முட்டுக்கொடுத்த தலையணை, துருத்திக்கொண்டிருக்கும் கழுத்தெலும்பு, பாதி திறந்த வாய். அவனைப் பார்த்துக்கொண்டு நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வெடுக்கென்று கையை எடுத்தேன்.

இந்த மெய்ப்பூச்சைப் பற்றித் தெரியாதவர்கள் இன்றைக்கு இருக்க மாட்டார்கள். இருந்தால், முதல் வருடம் முதல் வகுப்பில் ரெஜினா மேடம் எங்களுக்குச் சொன்னதையே சொல்லிவிடுகிறேன்.

"ஈரமா இருக்கற பெயிண்ட் மேல எறும்பு நடந்தா தடம் விழும்ல? அதே மாதிரி, வரையறப்ப உங்க கை நரம்புல ஓடற துளித்துளி மின்சாரம் இந்தப் பூச்சுல தடம் விடும். காஞ்சதும் அப்படியே உறைஞ்சு நின்னுடும். கீழ இருக்கற தகட்டுல யாராவது கை வெச்சா, அது அவங்க நரம்புக்குப் போகும். வரையறப்ப நீங்க என்னவா இருந்தீங்களோ, கொஞ்ச நேரம் அவங்க அதுவா இருப்பாங்க. அவ்ளோதான். மத்ததெல்லாம் விளம்பரம்."

கல்யாணப் பத்திரிகையிலிருந்து கட்சி கட்-அவுட் வரைக்கும் எல்லாவற்றையும் இயந்திரமே வரைந்து தள்ள ஆரம்பித்தபோது, இது மனிதன் வரைந்ததுதானா என்று ஜனங்கள் சாட்சி கேட்டார்கள். பூச்சுதான் சாட்சி. பூச்சு இல்லாத படத்தை இப்போது யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

ஆனால் பூச்சு வந்து ஒரு வருடம் ஆவதற்குள் அதை ஏமாற்றும் வழியும் வந்துவிட்டது. நம் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? படம் முழுவதையும் சாதாரண பெயிண்டில் வரைந்து முடித்துவிடுவது. கடைசியில் வெறும் பூச்சை மட்டும் மெல்லியதாக ஒரு கை இழுப்பது. இழுக்கும் அந்தக் கொஞ்ச நேரம் எதையாவது நினைத்து அழுதுகொண்டே இழுத்தால் போதும். மேலே இருக்கும் பூச்சுதான் பேசும். அடியில் இருப்பது நிரந்தரமாக ஊமையாகிவிடும். எங்கள் கல்லூரியில் இதற்கு 'ஒப்பாரி போடுவது' என்று பெயர். இறந்தவர்களின் படங்களுக்கு ஒப்பாரி போட வெளியிலிருந்தெல்லாம் ஆள் தேடி வருவார்கள்.

எங்கள் வகுப்பில் அதில் கெட்டிக்காரன் அடியேன், ஜோதிலிங்கம். பிஸ்கட் என்கிற என் நாய் தண்ணி லாரியில் அடிபட்டதை நினைத்தால் எனக்கு அடைமழையாகக் கொட்டும். மயிலாப்பூரில் ஒரு வக்கீலுடைய அப்பாவின் படத்துக்கு நான் போட்ட ஒப்பாரியில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். அழுததெல்லாம் பிஸ்கட்டுக்காக என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆதிரைக்கு இதெல்லாம் அறவே ஆகாது. அவள் ரப்பரே வைத்துக்கொள்ள மாட்டாள். பூச்சை ஒவ்வொரு வண்ணத்திலும் முதல் கோட்டிலிருந்தே கலந்து வரைவாள். அப்படிக் கலந்தால் பெயிண்ட் பாகாகிவிடும், பிரஷ் நகராது, கை கடுக்கும். அதைப் பற்றியெல்லாம் அவளுக்குக் கவலை இல்லை.

"தப்பா விழுந்த கோடும் நான் போட்டதுதானடா. அத அழிச்சா, அத போட்டப்ப இருந்த நான் எங்க போறது?" என்பாள் கேன்டீனில்.

"மார்க்கு போகும், போ."

"வரையறப்ப எனக்குள்ள என்ன இருக்கோ அதுதான் படத்துல இருக்கணும். இல்லாதத கடைசில ஒட்ட வெக்கிறதுக்குப் பேரு மேக்கப்."

"பல்வலியோட வரைஞ்சா?"

"பாக்கறவங்களுக்குப் பல்லு வலிக்கும். வலிக்கட்டும்."

இதுதான் அவள் கொள்கை. பிடிவாதக்காரி. முகிலை அவள் இரண்டு மாதம் வரைந்தாள். எங்களைக் கிட்டே விடவில்லை. தான் அனுபவித்த துக்கமெல்லாம் அதில் இருக்கிறது என்று நம்பினாள். நாங்களும் நம்பினோம்.

அன்று நான் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவள் இரண்டு கையிலும் டீ கிளாஸோடு உள்ளே வந்தாள்.

"வெச்சுப் பாத்துட்டியா? எப்படிடா இருக்கு?"

நான் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தேன்.

"என்னடா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கற? ரொம்ப அழுதுட்டியா?"

"ஆதி, நீயே ஒரு தடவ வெச்சுப் பாரு."

டீயைத் தரையில் வைத்துவிட்டு வந்து கையை வைத்தாள். எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. அவள் உதடுகள் மெல்ல விரிந்தன. கன்னத்தில் குழி விழுந்தது. கண்கள் மட்டும் அந்தச் சிரிப்போடு சேராமல் படத்தையே வெறித்தன.

"தகடு கெட்டுப்போயிருக்கும்" என்றாள்.

அந்தத் தகட்டைக் கழற்றி என் படம் ஒன்றில் மாட்டினோம். இருவருக்கும் பிஸ்கட்டின் துக்கம் பொத்துக்கொண்டு வந்தது. தகட்டில் ஒரு குறையும் இல்லை. ஆதிரை அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன வரையறப்ப நான் சந்தோஷமாவா இருந்தேன்?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. "செத்துப்போன தம்பிய வரையறப்ப?"

ரெஜினா மேடத்தைக் கூட்டிவந்தோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தகட்டில் கை வைத்தார். "அடேயப்பா!" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே ஆதிரையின் முகத்தைப் பார்த்தவர், அவசரமாகக் கையை எடுத்துக்கொண்டார்.

"இதுக்கா இப்படி இடிஞ்சுபோய் உக்காந்திருக்க? இங்க பாரும்மா. எங்கப்பா தவறினப்ப நானும் அவர வரைஞ்சேன். அவரோட மூக்கு ஒரு மாதிரி கோணலா இருக்கும். நாலு தடவ போட்டும் வரல. அஞ்சாவது தடவ அப்படியே வந்து உக்காந்துச்சு. அப்ப எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, அப்பா செத்துட்டாருங்கறதே மறந்துபோச்சு. வரையறவங்க எல்லாருக்கும் இது உண்டு. வெளிய சொல்லிக்க மாட்டோம். அந்தக் காலத்துல பூச்சு இல்ல, நாங்க தப்பிச்சோம்."

"அப்ப இது கை ஓடற சந்தோஷமா மேடம்?"

"வேற என்ன? துக்கத்த வரையலாம். துக்கத்தோட வரைய முடியாதும்மா, கை நடுங்கும். நீ ஆரம்பத்துலேருந்தே பூச்சு கலந்த பாரு, அதான் மாட்டிக்கிட்ட. மத்தவனெல்லாம் கடைசில பூசித் தப்பிச்சிடறான்."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஆதிரைக்கு உயிர் வந்தது போல இருந்தது. ஆனால் பாதி உயிர்தான். மேடம் போனதும், "எனக்குப் புரியுதுடா. எங்கம்மாவுக்கு எப்படிப் புரிய வெப்பேன்?" என்றாள்.

அதுதான் விஷயம். அவள் அம்மா புனிதவதி, பெரம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா, முகிலுக்கு வந்திருக்கும் நோயின் பெயர் தெரிந்த வருடமே வேறு ஊருக்கு வேலை பார்க்கப் போனவர். அந்த வேலை இன்னும் முடியவில்லை. அம்மாவும் மகளும்தான் முகிலைப் பார்த்துக்கொண்டார்கள். அவனால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வந்துவிடும். அதனால் ராத்திரியெல்லாம் அலாரம் வைத்து எழுந்து, மாற்றி மாற்றி அவனைத் திருப்பிப் படுக்க வைப்பார்கள்.

அவன் இறந்த அன்று நானும் அங்கே இருந்தேன். ஆதிரையின் அத்தை, அப்பாவின் அக்கா, கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "போகட்டும், இனிமே உங்க ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றார். கணக்கு டீச்சர் எழுந்துவந்து, அத்தனை பேருக்கு முன்னால் அவரைப் பளார் என்று அறைந்தார். "என் புள்ள எனக்கு பாரம்னு எவடி சொன்னது?" என்று அவர் கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டது. அந்த அம்மாதான் நாளை மறுநாள் கண்காட்சிக்கு வரப்போகிறார். மகனின் படத்தில் கை வைத்து அழுவதற்காக லீவு போட்டிருக்கிறார்.

"நான் ஒப்பாரி போட்டுடறேன்" என்றேன்.

முறைத்தாள்.

"சும்மா இல்ல, ஆதி. பிஸ்கட்ட நினைக்க மாட்டேன். முகிலையே நினைச்சு அழுவேன். அது நிஜம்தானே?"

"நிஜம்தான். ஆனா அது உன்னோட அழுகை. எங்கம்மா அத என்னோடதுன்னு நினைச்சுக்கணுமா?"

"அவங்க அதெல்லாம் யோசிக்க மாட்டாங்க. கை வெப்பாங்க, அழுவாங்க, உன்னக் கட்டிப்பிடிச்சுப்பாங்க. உன் கொள்கை பெருசா, உங்கம்மா பெருசா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மறுநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. கண்காட்சி நாள் காலையில், கூடத்தைத் திறப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "போட்டுடுடா" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"நீயே போடேன். உன் கை, உன் அழுகை. உனக்கும் திருப்தியா இருக்கும்."

"வேணாம். என் கைமேல எனக்கு இப்ப நம்பிக்கை இல்ல."

கிண்ணத்தில் பூச்சைக் கரைத்தேன். அகலமான பிரஷ்ஷை எடுத்துக்கொண்டேன். முகிலின் செஸ் ஆட்டங்களை நினைத்தேன். 'குதிரைய நகத்துண்ணா, தூங்கிட்டியா?' என்று அவன் கேட்பது காதில் விழுந்தது. வரவழைக்கவே வேண்டியிருக்கவில்லை, பொலபொலவென்று கொட்டியது. பிரஷ்ஷைக் கிண்ணத்தில் தோய்த்து எடுத்தேன்.

"லிங்கம்? ஏம்ப்பா அழற?"

வாசலில் ஆதிரையின் அம்மா நின்றுகொண்டிருந்தார். நீலப் பட்டுப்புடவை, தோளில் ஹேண்ட்பேக். கூட்டம் வருவதற்கு முன்னால் தனியாகப் பார்த்துவிடலாம் என்று சீக்கிரமே கிளம்பி வந்திருக்கிறார். என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆதிரை விடவில்லை.

"மேல பூச்சு போடப் போறோம்மா. அடியில இருக்கறது உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

"அடியில என்ன இருக்கு?"

ஆதிரை தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா ஹேண்ட்பேக்கைக் கழற்றித் தரையில் வைத்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் ஆதிரைக்கும் நடுவில் நடந்துபோய்த் தகட்டில் கையை வைத்தார்.

இதோ, இப்போது அறை விழப்போகிறது என்றே நினைத்தேன்.

அவர் தோள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். என் வாயும் ஆதிரையின் வாயும் மேடத்தின் வாயும் சிரித்த அதே சிரிப்பு அவர் முகத்திலும் வந்து நின்றது. ஆதிரையால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. படபடவென்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, அது வந்து, வரையற சந்தோஷம்மா. மேடம் சொன்னாங்க. கை நல்லா ஓடறப்ப எல்லாருக்கும் வருமாம். அவனுக்காக இல்லம்மா. சத்தியமா அவன் போனதுக்காக இல்ல..."

"இல்லடி" என்றார் அம்மா. கையை எடுக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. "வரையற சந்தோஷம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியும்."

பிறகு அவரே தொடர்ந்தார்.

"அவன எடுத்துட்டுப் போனதுக்கு மறுநாள். கண்ண முழிச்சுப் பாத்தா ஜன்னல்ல வெயில் வந்துடுச்சு. ராத்திரி பூரா தூங்கியிருக்கேன். அலாரம் அடிக்கல. எத்தன வருஷம் ஆச்சுடி நாம அப்படித் தூங்கி? பாயில எழுந்து உக்காந்தேன். இதேதான் வந்துச்சு. இதே. உடம்பெல்லாம் லேசா, சிரிப்பா. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அவன் இல்லேங்கறதே ஞாபகம் வந்துச்சு."

"அம்மா..."

"உங்கத்தைய எதுக்கு அறைஞ்சேன்னு நினைக்கற? அவ பொய் சொன்னான்னா? அவ சொன்னப்பவே எனக்குள்ள அது லேசா எட்டிப் பாத்துச்சுடி. அதத்தான் அறைஞ்சேன்."

அந்த அறையை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! தாய் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று கேன்டீனில் பிரசங்கமே செய்திருக்கிறேன். எதுவும் தெரியாமல் எவ்வளவு பேசியிருக்கிறேன் என்று அப்போது வெட்கமாக இருந்தது.

ஆதிரை அதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மேடம் கொடுத்த விளக்கத்தை இரண்டு நாளாக இறுகப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். அது இப்போது கையைவிட்டுப் போயே போய்விட்டது.

"எனக்கு அவன்னா உயிரும்மா" என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

"எனக்கும்தான். அது வேற, இது வேற. ரெண்டும் இருந்துச்சு." அம்மா தகட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பக்கத்தில், அந்தப் பட்டுப்புடவையோடு, சிமென்ட் தரையில் உட்கார்ந்தார். "எட்டு மாசமா உன் முகத்தைப் பாத்துப் பேசப் பயந்துட்டிருந்தேன். உனக்குத் தெரிஞ்சிடுமோன்னு. பெத்தவளுக்கு இப்படித் தோணலாமா, நான் மட்டும்தான் இந்த உலகத்துல இப்படி ஒரு பாவியான்னு."

"நான் பொய்யா ஒரு கோடுகூடப் போடலம்மா."

"தெரியுது."

"ஆனா நான் என்ன போடறேன்னு எனக்கே தெரியலயே!"

அப்போதுதான் அவள் அழுதாள். உரக்க அழுதாள். எட்டு மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் கிண்ணத்த எடுத்துட்டுப் போயிடுப்பா. மேல எதுவும் போட வேணாம்."

எடுத்துக்கொண்டு போனேன். வெளியே குழாயில் பிரஷ்ஷைக் கழுவினேன். ஒரு படத்தை நான்கு பேர் தொட்டோம். நான்கு பேருக்கும் ஒரே சிரிப்புதான் வந்தது. அது என்ன சிரிப்பு என்று அதே சிரிப்பை முன்பே ஒரு தடவை சிரித்திருந்த ஒருவருக்குத்தான் தெரிந்தது. சாட்சி சாட்சி என்று பூச்சை இத்தனை நாள் தலையில் வைத்துக்கொண்டு ஆடினோமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்பி வந்தபோது கூடத்தைத் திறந்திருந்தார்கள். கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. அம்மாவும் மகளும் எழுந்து, முகம் கழுவி, படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். கண்கள் சிவந்திருந்தாலும் பார்ப்பதற்கு இரண்டு பேரும் நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள் போலத்தான் இருந்தார்கள்.

முதலில் வந்தது ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. எங்களுக்குத் தெரியாதவர். படத்தைப் பார்த்ததும், "ஐயோ பாவம்" என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு தகட்டில் கையை வைத்தார். வைத்த கையோடு முகம் மலர்ந்தது.

"அப்பாடா!" என்றார். "பையன் கிடக்கற கோலத்தப் பாத்து மொதல்ல பயந்தே போய்ட்டேன். கை வெச்சப்புறம்தான் உசுரு வந்துச்சு." ஆதிரையின் அம்மாவைப் பார்த்தார். "ஜாடை அப்படியே இருக்கே. உங்க பையனாங்க?"

"ஆமாங்க."

"இவ்ளோ சந்தோஷமா வரைஞ்சிருக்காங்கன்னா, இப்ப உடம்பு சரியாயிடுச்சா அவருக்கு?"

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். நானும் ஆதிரையைப் பார்த்தேன். இல்லாததை ஒட்ட வைத்தால் மேக்கப் என்பவள், கடையில் ரப்பர் வாங்காதவள். இவள் இப்போது உண்மையைப் போட்டு உடைத்துவிடுவாள், அந்த அம்மா பதறிப்போய்க் கையை எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"சரியாயிடுச்சுங்க" என்றாள் ஆதிரை.

"ரொம்ப சந்தோஷம்மா!" என்று அவர் வாசலைப் பார்த்துத் தன் கணவரைக் கூப்பிட்டார். "ஏங்க, இங்க வாங்களேன், இதுல கை வெச்சுப் பாருங்க." அவரும் வந்தார், கை வைத்தார், சிரித்தார். மாலை வரைக்கும் அந்தப் படத்துக்கு முன்னால் வரிசை குறையவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஆதிரை அதையேதான் சொன்னாள்.